சொல்லாமல் விட்டதற்கு யார் பொறுப்பு?

2020 ஏப்ரலில் வெளியான ஆர் மொழியின் 4.0.0 பதிப்பு, அதன் பயனர்களிடையே பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒரு வழக்கை முடித்துவைத்தது. கோப்பிலிருந்து அட்டவணையைப் படிக்கும்போது, எழுத்தாலான நெடுவரிசைகளை 'ஃபேக்டர்' எனப்படும் வகைப்பாட்டுத் தரவாகத் தானாகவே மாற்றிக்கொள்வது அந்த மொழியின் பழைய வழக்கம். 'ஸ்ட்ரிங்ஸ் ஆஸ் ஃபேக்டர்ஸ்' என்ற அந்த அமைப்பின் டிஃபால்ட், அதாவது நிரலாளர் எதுவும் குறிப்பிடாதபோது எடுத்துக்கொள்ளப்படும் மதிப்பு, 'ஆம்' என்றிருந்தது. 4.0.0-இல் அது 'இல்லை' ஆயிற்று.

விளைவு என்ன? ஒரு நெடுவரிசையில் 10, 20, 5 என்ற எண்களுக்கு நடுவே யாரோ 'தெரியாது' என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டதாகக் கொள்வோம். அந்த ஒரு சொல்லால் முழு நெடுவரிசையும் எழுத்தாகப் படிக்கப்படும். பழைய ஆர் அதை ஃபேக்டராக்கும். பிறகு எண்ணாக மாற்றச் சொன்னால் 10, 20, 5 வராது. வகைகளின் வரிசை எண்களான 1, 2, 3 வரும். புதிய ஆர் 10, 20, 5 என்றே தரும். 'தெரியாது' இருந்த இடத்தை வெற்றிடமாக்கி ஓர் எச்சரிக்கையும் காட்டும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, கோப்பும் அதேதான், விடை மட்டும் வேறு. இரண்டு பதிப்புமே பிழை என்று சொல்லி நிற்பதில்லை.

இந்த மாற்றம் நல்லது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நல்ல மாற்றத்தைக்கூட எப்படிச் செய்வது என்பதில்தான் நிரலுலகம் அரை நூற்றாண்டாக ஒரு முடிவுக்கு வராமல் இருக்கிறது. ஒரு லைப்ரரியிலிருந்து ஃபங்ஷனை நீக்கினால், அதை நம்பியிருந்த நிரல் அங்கேயே நின்றுவிடும். நிரலாளர் திட்டிக்கொண்டே சரிசெய்வார். டிஃபால்ட்டை மாற்றினால் பெரும்பாலும் எதுவும் நிற்பதில்லை. பின்னோக்கிய இணக்கம் என்ற பெரிய பிரச்சினைக்குள் டிஃபால்ட் மாற்றம் தனிக் கேள்வியாக நிற்பதற்கு இந்த மௌனமே காரணம்.

அதற்கடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு மதிப்பைக் குறிப்பிடாமல் விட்ட நிரலாளர் எதைக் கேட்டார்? 'இன்று இருக்கிற மதிப்பையே என்றைக்கும் கொடு' என்றா, 'உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைக் கொடுங்கள்' என்றா? இரண்டுக்கும் இடமுண்டு. கீழே வரும் நிலைப்பாடுகள் ஒவ்வொன்றும் இவற்றில் ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகின்றன.

பதிப்பு எண் எவ்வளவு சொல்லும்?

எளிய விடை ஒன்று கைவசம் இருப்பதுபோல் தோன்றும்: இணக்கம் முறிந்தால் பதிப்பின் முதல் எண்ணைக் கூட்டிவிடு. டாம் பிரெஸ்டன்-வெர்னர் வகுத்த 'செமாண்டிக் வெர்ஷனிங்' விதிமுறை சொல்வது இதைத்தான். ஆனால் நடைமுறை வேறு. ஜாவா லைப்ரரிகளின் களஞ்சியமான மேவன் சென்ட்ரலை ஆராய்ந்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளியீடுகளில் ஏதேனும் ஓர் இணக்க முறிவு இருப்பதாகக் கண்டது. அதுவும் ஃபங்ஷன்களின் வெளித்தோற்றத்தை ஒப்பிட்டுக் கண்ட முறிவுகள். டிஃபால்ட் மாற்றத்தில் வெளித்தோற்றம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், அந்த வகை அளவீட்டில் அது சிக்குவது அரிது.

எண்ணை ஒழுங்காகக் கூட்டினாலும் 'ஏதோ மாறிவிட்டது' என்பதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. உங்கள் நிரலில் எந்த வரி பாதிக்கப்படும் என்பது அதற்குத் தெரியாது. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் 'ஹைரம் விதி' இதை இன்னும் இறுக்குகிறது: பயனர்கள் போதிய அளவு பெருகிவிட்டால், ஒரு லைப்ரரி வெளியே காட்டும் ஒவ்வொரு நடத்தையையும், ஆவணத்தில் இல்லாததையும்கூட, யாராவது ஒருவர் நம்பியிருப்பார். அப்படியானால் மாற்றம் ஒவ்வொன்றும் யாருக்கோ முறிவுதான். எல்லாவற்றையும் முறிவு என்று எண்ணிவிட்டால் பதிப்பு எண்ணுக்குப் பொருளில்லாமல் போகும்.

கை வைக்காதே

மிகப் பழைய நிலைப்பாடு இது: இருப்பதை இருக்க விடு. லினக்ஸ் கர்னலை மேம்படுத்துவதால் பயனரின் நிரல் எதுவும் உடையக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் காட்டும் கண்டிப்பு ஊரறிந்தது. மைக்ரோசாஃப்டும் ஒரு காலத்தில் இதில் யாருக்கும் சளைத்ததல்ல. சிம்சிட்டி விளையாட்டு, விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடி படிக்கும் பிழையோடு விற்பனைக்கு வந்திருந்தது. அந்த விளையாட்டு ஓடுவது தெரிந்தால் விண்டோஸ் 95 நினைவகத்தை உடனே விடுவிக்காத வேறொரு முறைக்கு மாறிக்கொள்ளும். ஜோயல் ஸ்போல்ஸ்கி 2004-இல் எழுதிய கட்டுரையால் பரவலான செய்தி இது.

இந்த நிலைப்பாட்டின் விலையை எஸ்கியூலைட்டில் தெளிவாகக் காணலாம். அயல்திறவுக் கட்டுப்பாடுகளை நிறைவேற்றும் வசதி 2009-இல் 3.6.19 பதிப்பில்தான் அதில் வந்தது. அதற்கு முன்பே கோடிக்கணக்கான கருவிகளில் அந்தத் தரவுத்தளம் குடியேறிவிட்டதால், பழைய நிரல்கள் உடையாதிருக்க அந்த வசதி டிஃபால்ட்டாக அணைத்தே வைக்கப்பட்டது, இன்றுவரை அப்படித்தான். ஒவ்வொரு இணைப்பிலும் நிரலாளரே அதை இயக்க வேண்டும். அட்டவணையை வரையறுக்கும்போது கட்டுப்பாட்டை எழுதினால் எஸ்கியூலைட் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் அதன்படி நடக்காது. இல்லாத வாடிக்கையாளரின் பெயரில் ஆர்டர் பதிவாகும்போதுதான் புதியவருக்கு இது உறைக்கும். 2009-க்கு முன் எழுதியவரைக் காப்பாற்றும் செலவை அதற்குப் பின் வந்த எல்லோரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பயனர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு, வரப்போகிறவர்களுக்கு இல்லை. 'கை வைக்காதே' தரப்பு இந்தக் கணக்குக்கு நேராக விடை சொன்னதாகத் தெரியவில்லை.

இதன் நாகரிகமான வடிவம் ஒன்றுண்டு. பழையதைத் தொடாதே, புதிய நடத்தைக்குப் புதிய பெயர் வை என்பது அது. குளோஜர் மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி 2016-இல் ஆற்றிய உரையில் இதைக் கொள்கையாகவே முன்வைத்தார். பைத்தானின் எண்கணக்கு லைப்ரரியான நம்பை இதைச் செய்தும் காட்டியது. 2019-இல் 1.17 பதிப்பில் புதிய தற்செயல் எண் இயற்றியைக் கொண்டுவந்தபோது, பழைய 'ரேண்டம் ஸ்டேட்' அதே விதைக்கு அதே எண்வரிசையைத் தரும்படி உறையவைக்கப்பட்டது. புதிய இயற்றிக்கு அந்த வாக்குறுதி இல்லை. அதே ஆண்டு ஆர் 3.6.0 எதிர்வழியில் போனது: பெரிய தொகுதிகளில் சற்றே சாய்வுள்ளதாகத் தெரிந்த மாதிரியெடுப்பு முறையை, பெயரை மாற்றாமலேயே திருத்தியது. விதை அதே, எண்கள் வேறு. பாடப்புத்தகங்களில் அச்சான விடைகள் மாணவரின் திரையில் வராமல் போயின. பழைய முறையைத் திரும்பக் கேட்க வழி வைத்திருந்தார்கள், ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

புதிய பெயரில் எந்த நிரலும் உடைவதில்லை. ஆனால் நல்ல, குட்டையான பெயர் பழையவரிடமே தங்கிவிடுகிறது. வலையில் கிடக்கும் பயிற்சிக் குறிப்புகள் அதைத்தான் கற்றுத்தரும், புதியவர் அதைத்தான் தட்டுவார்.

சொல்லிவிட்டு மாற்று

இன்று பரவலாக உள்ள நடைமுறை இடைவழிதான்: ஒன்றிரண்டு பதிப்புகளுக்கு எச்சரிக்கை காட்டு, பிறகு மாற்று. பைத்தானின் 'பெப்' எனப்படும் முன்மொழிவு ஆவணங்களில் பெப் 387 இதை எழுதப்பட்ட கொள்கையாகவே வைத்திருக்கிறது.

எந்திரக் கற்றலுக்கான சைகிட்-லேர்ன் லைப்ரரி இதற்கு நல்ல சோதனைக்களம். 'ரேண்டம் ஃபாரஸ்ட்' மாதிரியில் எத்தனை மரங்கள் வளர்ப்பது என்பதன் டிஃபால்ட் 10 என்றிருந்தது. நடைமுறைக்கு அது மிகக் குறைவு. 0.20 பதிப்பில் எச்சரிக்கை காட்டத் தொடங்கி, 0.22-இல் அதை 100 ஆக்கினார்கள். அதே சுற்றில் குறுக்குச் சரிபார்ப்பின் மடிப்புகள் 3-லிருந்து 5 ஆயின. லாஜிஸ்டிக் ரிக்ரஷனின் தீர்வு முறையும் மாறியது. ஒழுங்காகத் திட்டமிட்டுச் செய்த வேலை. ஆனாலும் இந்த வழியின் பலவீனங்கள் அங்கே பளிச்சென்று தெரிந்தன. எண்ணைக் குறிப்பிடாத எல்லோருக்கும் எச்சரிக்கை வந்தது: எந்த மதிப்பானாலும் கவலையில்லை என்பவருக்கும் வந்தது. அதை நிறுத்த ஒரே வழி, தனக்கு அக்கறையே இல்லாத ஒரு மதிப்பை வெளிப்படையாக எழுதுவது. பலரும் அதைவிடச் சுருக்கமான வழியைக் கண்டுகொண்டார்கள்: நிரலின் உச்சியில் ஒரே வரியில் எல்லா எச்சரிக்கைகளையும் அணைத்துவிடுவது. அப்படி அணைத்தவர் அடுத்து வரும் உண்மையான ஆபத்தையும் பார்க்கமாட்டார்.

யார் கண்ணில் படுகிறது என்பது அடுத்த சிக்கல். நீங்கள் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு உள்ளுக்குள் இன்னொரு லைப்ரரியை அழைக்கிறது. எச்சரிக்கை உங்கள் திரையில் விழுகிறது, திருத்தும் உரிமையோ உங்களிடம் இல்லை. இந்தத் தொல்லைக்காகவே பைத்தான் 2.7-உம் 3.2-உம் 'கைவிடப்படவுள்ளது' வகை எச்சரிக்கைகளை டிஃபால்ட்டாக மறைத்தன. பிறகு நிரலாளர்களே பார்ப்பதில்லை என்று கண்டு, 3.7-இல் ஓரளவு திரும்பக் கொண்டுவந்தார்கள். காட்டினால் சலிப்பு, மறைத்தால் பயனில்லை என்ற இந்த ஊசலாட்டம் இன்னும் நின்றபாடில்லை.

எச்சரிக்கை நன்றாக வேலை செய்த இடமும் உண்டு. பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியான கிட்டின் 2.0 பதிப்பு (2014 மே) வருமுன், எந்தக் கிளை என்று சொல்லாமல் 'கிட் புஷ்' என்று மட்டும் தட்டினால், இருபுறமும் ஒரே பெயருள்ள எல்லாக் கிளைகளும் மேலே போய்விடும். அதை நடப்புக் கிளைக்கு மட்டும் என்று சுருக்குவதற்குமுன், புஷ் செய்யும்போதெல்லாம் திரையில் நீண்ட விளக்கம் காட்டினார்கள். தட்டுகிறவரே படிக்கிறவர், ஒரு கட்டளையில் தன் விருப்பத்தைப் பதிந்துவிட்டால் விளக்கமும் நின்றுவிடும். லைப்ரரிகளுக்கு இந்த வாய்ப்பு அரிது. அவற்றின் எச்சரிக்கைகள் யாரும் திறக்காத லாக் கோப்புகளில் போய்ச் சேர்கின்றன.

கேட்பவருக்கு ஏற்ப

அடுத்த நிலைப்பாடு சற்று நுட்பமானது. இரண்டு நடத்தைகளையும் வைத்துக்கொள். எது வேண்டும் என்பதை அழைக்கும் நிரல் எந்தக் காலத்தது என்பதைப் பார்த்து முடிவுசெய்.

இதன் நல்ல கதை 2010-இல் நடந்தது. ஃபெடோரா 14 லினக்ஸில் 64 பிட் ஃபிளாஷ் வழியே கேட்ட ஒலி கரகரத்தது. துருவிப் பார்த்தபோது, நினைவகத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் 'மெம்காப்பி' ஃபங்ஷனில் வந்து நின்றது. மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது அதன் எழுதப்பட்ட நிபந்தனை. ஃபிளாஷ் அதை மீறியிருந்தது. ஆனால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியின் பழைய பதிப்பு முன்னிருந்து பின்னாக நகலெடுத்ததால் பாதிப்பு தெரியவில்லை. புதியது, வேகத்துக்காகச் சில செயலிகளில் பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. தவறு ஃபிளாஷுடையது என்பது விதிப்படி சரி. பயனருக்கு அதனால் என்ன பயன் என்று வாதிட்டவர்களில் டோர்வால்ட்ஸும் ஒருவர். ஜிலிப்சி 2.14 கண்ட தீர்வு இருவரையும் திருப்திப்படுத்தியது: 'மெம்காப்பி'க்கு இரண்டு பதிப்பு முத்திரைகள். முன்பே தொகுக்கப்பட்ட நிரல்கள் படிந்தாலும் பிழைக்காத பழைய நடத்தையைப் பெறும். புதிதாகத் தொகுப்பவை வேகமானதைப் பெறும். எந்த நிரலிலும் ஒரு வரிகூட மாறவில்லை.

சிமேக்கின் கொள்கைகள், ரெயில்ஸின் 'லோட் டிஃபால்ட்ஸ்', ரஸ்ட் மொழியின் எடிஷன்கள் எல்லாம் இதே குடும்பம். மிக விரிவாக இதைச் செய்தது கோ மொழி எனலாம். 2012-இல் வெளியான கோ 1, பழைய நிரல்கள் தொடர்ந்து ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் அதன் 'ஃபார்' சுற்றில் ஒரு பொறி: சுற்று முழுமைக்கும் ஒரே மாறி என்பதால், சுற்றுக்குள் உருவாக்கிய ஃபங்ஷன்கள் பிறகு ஓடும்போது பெரும்பாலும் கடைசி மதிப்பையே காணும். 2024 பிப்ரவரியில் வந்த கோ 1.22 சுற்றின் ஒவ்வொரு முறைக்கும் தனி மாறி என்று மாற்றியது, ஆனால் 'கோ.மாட்' கோப்பில் 1.22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை அறிவித்த மாட்யூல்களுக்கு மட்டும். அந்த வரியைத் தொடாதவருக்குப் பழையதே. தொட்டபின் ஏதாவது உடைந்தால், குற்றவாளி எந்தச் சுற்று என்று பாதி பாதியாக வெட்டித் தேடித்தரும் கருவியும் கொடுத்தார்கள். இங்கே மாற்றம் நிகழும் நாளைப் பயனரே தேர்ந்தெடுக்கிறார். இந்தக் கட்டுரை பார்க்கும் வழிகளில் இதுவே நேர்மையானது என்று தோன்றுகிறது.

ஆனால் இதற்குத் தேவையான அடித்தளம் எல்லோரிடமும் இல்லை. தொகுப்பியையும் மொழியையும் லைப்ரரியையும் ஒரே குழு வைத்திருந்தால் இது எளிது. பைத்தானில் ஒரு சாதாரண லைப்ரரிக்குத் தன்னை அழைப்பவர் எந்தப் பதிப்பை மனத்தில் வைத்து எழுதினார் என்று அறிய நேரான வழி கிடையாது. எனவே பலர் பொதுவான ஒரு சுவிட்சை வைக்கிறார்கள். சுவிட்ச் மொத்த நிரலுக்கும் பொருந்துவதால், ஒரு தொகுப்பு தனக்காக அதைத் திருப்பினால் பக்கத்துத் தொகுப்பும் மாறிவிடும். ஆர் மொழியில் ஸ்ட்ரிங்ஸ் ஆஸ் ஃபேக்டர்ஸுக்கு அப்படி ஒரு சுவிட்ச் வெகுகாலம் இருந்தது. ஒரே நிரல் என் கணினியில் ஒரு விடையும் உங்கள் கணினியில் வேறு விடையும் தர அதுவே போதுமானதாக இருந்தது. இரண்டு நடத்தைகளையும் பராமரித்துச் சோதிக்கும் சுமை வேறு. கோ மொழிக் குழுவே இத்தகைய பழைய நடத்தைகளில் பலவற்றுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் என்றுதான் உறுதியளிக்கிறது.

டிஃபால்ட்டே வேண்டாம்

பைத்தானின் பையாமெல் (PyYAML) லைப்ரரியின் 'லோட்' ஃபங்ஷன், நம்பகமில்லாத கோப்பைப் படிக்கும்போது அதில் ஒளிந்திருக்கும் கட்டளைகளை ஓட்டிவிடக்கூடியதாக இருந்தது. 2018-இல் 4.1 பதிப்பு அதைப் பாதுகாப்பானதாக மாற்றிப் பார்த்தது. பலருடைய நிரல்கள் உடைந்ததில் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற நேர்ந்தது. 2019-இல் 5.1 எச்சரித்தது. 2021-இல் 6.0 வேறு வழியைப் பிடித்தது: எந்த ஏற்றியைப் பயன்படுத்துவது என்று சொல்லாமல் 'லோட்' செய்யவே முடியாது. சொல்லாவிட்டால் பிழை.

முரட்டு வழிதான். ஆனால் மௌனமான மாற்றத்தைச் சத்தமான மாற்றமாக்கும் இந்த வழிக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே படுகிறது. திருத்தம் ஒரு வரி. எங்கே திருத்துவது என்பதைப் பிழைச்செய்தியே காட்டும். பராமரிப்பார் இல்லாத பழைய தொகுப்புகள் இதில் அடிபடும் என்பது உண்மை.

பாதுகாப்பு என்றால் விதிகள் தளர்கின்றன. பிஎச்பி 2002-இல் 4.2.0 பதிப்பில் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' வசதியை டிஃபால்ட்டாக அணைத்தது. பைத்தான் 2014 டிசம்பரில், 2.7.9 என்ற சிறு திருத்தப் பதிப்பிலேயே, எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களைச் சரிபார்க்கத் தொடங்கியது. தாமே கையொப்பமிட்ட சான்றிதழ்களோடு இயங்கிய அலுவலக உள்வலைகள் உடைந்தன; பிறகு பெப் 493 நிர்வாகிகளுக்கு ஒரு பின்வாசல் கொடுத்தது. முடிவு சரியானதுதான் என்று இன்று பலரும் ஏற்பார்கள். ஆனால் 'பாதுகாப்பு' என்ற முத்திரை எந்த மாற்றத்துக்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதற்கு வரையறை ஏதும் இல்லை.

யாருடைய பழைய நிரல்?

இந்த வாதங்களில் 'பழைய நிரல்' என்பது ஒரே தரப்பு போலப் பேசப்படுகிறது. எழுத்துக் குறியாக்கத்தின் டிஃபால்ட் அப்படியல்ல என்று காட்டுகிறது.

விண்டோஸில் பைத்தான் ஒரு கோப்பைத் திறக்கும்போது குறியாக்கத்தைச் சொல்லாவிட்டால், கணினியின் வட்டார அமைப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ்-1252. யுடிஎஃப்-8-இல் சேமித்த தமிழ்க் கோப்பை அப்படித் திறந்தால் என்ன ஆகும்? யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மூன்றாவது பைட்டின் மதிப்பு 141. விண்டோஸ்-1252 அட்டவணையில் 141-ஆம் இடம் காலி. எனவே புள்ளியுள்ள முதல் எழுத்தைத் தாண்டாமல் பைத்தான் பிழைகாட்டி நிற்கும். புள்ளி வைக்காத தமிழ் வாக்கியம் அபூர்வம் என்பதால், இந்தக் குறை தமிழருக்குச் சத்தமாகவே வெளிப்படுகிறது. பிரெஞ்சு, ஜெர்மன் கோப்புகளைப் பழைய குறியாக்கத்தில் வைத்திருப்பவருக்கோ அதே டிஃபால்ட் பல ஆண்டுகளாகச் சரியாக வேலை செய்தது.

ஜாவா 18 (2022 மார்ச்) யுடிஎஃப்-8-ஐ டிஃபால்ட் ஆக்கியது. பழையபடி ஓட்ட ஓர் அமைப்பையும் வைத்தது. பைத்தான் 3.15-இல் அதே மாற்றத்தைச் செய்ய பெப் 686 முடிவெடுத்தது. அதற்கு முன்னோட்டமாக, குறியாக்கம் குறிப்பிடாத இடங்களைச் சுட்டும் எச்சரிக்கை 3.10-இலேயே வந்துவிட்டது. அதை நிரலாளர் கேட்டு இயக்க வேண்டும். டிஃபால்ட்டாக அது அணைந்திருக்கிறது. சைகிட்-லேர்ன் அனுபவத்தைப் பார்த்தால் அதற்கும் நியாயம் உண்டு.

இந்த மாற்றம் பழைய பயனரைக் கைவிடுவதாகச் சொல்வது பாதி உண்மை. தமிழ், இந்தி, அரபு எழுதுவோருக்குப் பழைய டிஃபால்ட் முதல் நாளிலிருந்தே உடைந்துதான் இருந்தது. இணக்கத்தைக் காக்கும்போது எந்தப் பயனர்களை எண்ணுகிறோம் என்பது முடிவையே மாற்றிவிடக்கூடும்.

தீராமல் இருப்பவை

மாற்றத்தின் பாதிப்பை முன்கூட்டி அளக்க நம்பகமான வழி இன்னும் இல்லை. ரஸ்ட் குழுவின் 'கிரேட்டர்' கருவி, வெளியில் கிடைக்கும் தொகுப்புகளையெல்லாம் புதிய தொகுப்பியில் ஓட்டிப் பார்க்கிறது. நிறுவனங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் நிரல்களும் ஆய்வாளரின் மடிக்கணினியில் உள்ள ஐம்பது வரிகளும் எந்தக் கருவியின் கண்ணிலும் படுவதில்லை. கோ போல, பழைய நடத்தை எத்தனை முறை பயன்பட்டது என்று நிரலே எண்ணிவைக்கும் ஏற்பாடு மற்ற மொழிகளில் அரிது.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய தொகுப்புகளில் யார் யாரை எச்சரிப்பது என்பதும் தீரவில்லை. அறிவியல் கணக்கீட்டில் சிக்கல் இன்னும் கூர்மையானது: மேம்பட்ட டிஃபால்ட் வெளியான ஆய்வுகளின் எண்களைத் திரும்பப் பெறமுடியாமல் செய்துவிடும், பழையதை உறையவைத்தால் அறியப்பட்ட குறை தொடர்ந்து புதிய ஆய்வுகளுக்குள் போகும். நம்பை ஒரு வழியும் ஆர் வேறு வழியும் எடுத்தன. இரண்டில் எது குறைந்த தீங்கு செய்தது என்று ஒப்பிட்டு அளந்த ஆய்வுக்கான இடம் திறந்தே இருக்கிறது.

இப்போதுள்ள சான்றுகளைக் கொண்டு இவ்வளவு சொல்லலாம். வேகத்தையோ நினைவகத்தையோ மட்டும் பாதிக்கும் டிஃபால்ட்டுக்கு வெளியீட்டுக் குறிப்பே போதும். விடையை மாற்றக்கூடிய டிஃபால்ட்டுக்கு எச்சரிக்கை மட்டும் போதியதாகத் தெரியவில்லை. பதிப்பு அறிவிப்போடு கட்டமுடிந்தால் கட்டலாம், முடியாவிட்டால் புதிய பெயரோ கட்டாய அளபுருவோதான் அடுத்த தேர்வு. பாதுகாப்பு விஷயத்தில் உடனே மாற்றலாம், திரும்பும் வழியை அதே பதிப்பிலேயே வைத்தால். லைப்ரரியைப் பயன்படுத்துபவர், தன் விடையைத் தீர்மானிக்கும் மதிப்புகளையாவது நிரலில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.